மாவட்ட வங்கி வைப்புத் தரவை வைத்துக் கிளை இடம் தேர்ந்தெடுத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் வங்கிசாரா நிதி நிறுவனம் ஒன்று நான்கு புதிய கிளைகளைத் திறக்க நினைத்தது. எந்த மாவட்டங்களில் திறப்பது என்பதில் களப்பணியாளர்களிடையே கருத்து ஒத்துப்போகவில்லை. ஆளாளுக்குத் தனக்குத் தெரிந்த ஊரைச் சொன்னார்கள். நிர்வாகக் குழு எண்களோடு வரச் சொன்னது. மூன்று பேர் கொண்ட ஆய்வுப் பிரிவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது: ஒவ்வொரு மாவட்டத்தின் நிதி நலத்தையும் பழைய வங்கி வைப்புத் தரவைக் கொண்டு மதிப்பிட்டுத் தரவரிசை தர வேண்டும்.

வைப்புத்தொகையைத் தேர்ந்தெடுத்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. மாவட்ட உற்பத்திக் கணக்குகள் தாமதமாக வரும். அவற்றிலும் பெரும்பகுதி மாநில எண்ணை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்த மதிப்பீடே. வங்கி வைப்போ கிளை ஏட்டிலிருந்து வரும் எண். ஒவ்வொரு காலாண்டும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும், பல பத்தாண்டுகளுக்குக் கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

கீழே மாவட்டப் பெயர்கள் வருமிடங்களில் எல்லை மாற்றம் போன்ற பொதுப் பதிவில் உள்ள செய்திகள் மட்டுமே சொல்லப்படுகின்றன. கிளைத் தேர்வில் முக்கியமாகப் பேசப்பட்ட மூன்று மாவட்டங்களை அ, ஆ, இ என்று குறிப்பிடுகிறோம்.

கையில் இருந்த தரவு

வணிக வங்கிகள் கிளைவாரியாக ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் அடிப்படைப் புள்ளிவிவர அறிக்கைகள் 1972-இல் தொடங்கின. வங்கிக்காரர்கள் இதை பி.எஸ்.ஆர். என்பார்கள். பி.எஸ்.ஆர்.-1 கடனுக்கு, பி.எஸ்.ஆர்.-2 வைப்புக்கு. இவற்றோடு மாவட்டவாரி மொத்த வைப்பையும் கடனையும் காட்டும் காலாண்டு வெளியீடும் உண்டு. ஆய்வுப் பிரிவு காலாண்டு வெளியீட்டை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நடப்பு, சேமிப்பு, கால வைப்பு என்ற பிரிப்புக்கு மட்டும் மார்ச் முடிவுக்கான ஆண்டுத் தரவைப் பயன்படுத்தியது.

இந்தத் தரவில் எது இல்லை என்பதை முதல் நாளே எழுதி மேசையில் வைத்துக்கொள்வது அவசியம். இது வணிக வங்கிகளின் கணக்கு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதில் வராது. அஞ்சலகச் சேமிப்பு, சீட்டு, வீட்டிலுள்ள தங்கம் ஆகியவையும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்தின் சேமிப்பில் இவற்றின் பங்கு சிறியதல்ல.

இன்னொன்று, வைப்பு கிளை இருக்கும் இடத்தில்தான் கணக்காகிறது. வைப்பாளர் எங்கே வசிக்கிறார், எங்கே சம்பாதிக்கிறார் என்பது தரவுக்குத் தெரியாது. சென்னையில் வேலை பார்ப்பவர் சொந்த ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருந்தால் அது அந்த மாவட்டத்தின் வைப்பு. சொந்த ஊரில் விளைச்சலை விற்றவர் பக்கத்து மாவட்டத் தலைநகரில் பணம் போட்டால், விளைந்த ஊரின் கணக்கில் எதுவும் ஏறாது.

முதல் அட்டவணை

முதல் வரைவில் செய்தது எளிய கணக்கு. மார்ச் 2006 முதல் டிசம்பர் 2020 வரை ஒவ்வொரு மாவட்டத்தின் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் (முந்தைய ஆண்டின் தொகைமேல் சராசரியாக ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடியது என்பது), கடைசி ஐந்தாண்டு வளர்ச்சி விகிதம், இரண்டின் சராசரியில் தரவரிசை. எக்செல்லில் ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை.

ஆ முதலிடத்தில் வந்தது. காவிரி டெல்டாவைச் சேர்ந்த அ மூன்றாமிடம். இ ஐந்தாமிடம். அடிவரிசையில் திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம் ஆகியவை இருந்தன. கடைசிப் பகுதியில் இவற்றின் வைப்பு வளரவில்லை, சுருங்கியிருந்தது.

பட்டியல் நிர்வாகத்துக்குப் போகும் முன் மண்டல அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. டெல்டாப் பகுதியின் மூத்த களப்பணியாளர் ஒருவர் மார்ச் 2017-க்கான கட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: “அந்த வருஷம் சாகுபடியே இல்லையே சார், டெபாசிட் எப்படி இவ்வளவு ஏறும்?” அந்தக் கேள்விக்கு அட்டவணையில் பதில் இல்லை. கெடு நெருங்கிவிட்டதால் பட்டியலை அப்படியே அனுப்பலாம் என்ற யோசனையும் பிரிவுக்குள் எழுந்தது. கடைசியில் மூன்று வார அவகாசம் கேட்பது என்று முடிவானது. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே பயனுள்ளது இதுதான் என்பது எங்கள் கருத்து.

எல்லைகள் மாறியதால் வந்த சரிவு

முதலில் அடிவரிசை மாவட்டங்கள். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு என அதே ஆண்டில் மற்றவையும் பிரிந்தன. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. 32 மாவட்டங்கள் 38 ஆயின. பிரிந்து போன வட்டங்களின் கிளைகள் புதிய மாவட்டத்தின் கணக்குக்கு மாறியதும் பழைய பெயரில் இருந்த தொகை குறைந்தது. எந்த வைப்பாளரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை.

இந்தச் சிக்கல் 2019-இல் புதிதாக வந்ததல்ல. 1985-க்குப் பிறகு தமிழ்நாட்டு வரைபடம் அடிக்கடி மாறியிருக்கிறது. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. அதன் தொடரை 2006-இலிருந்து எடுத்தால் தொடக்கமே காலியாக இருக்கும். 2009-இல் உருவான திருப்பூருக்கோ இரண்டு தாய் மாவட்டங்கள். அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகள் கோயம்புத்தூரிலிருந்தும், தாராபுரம், காங்கேயம் பகுதிகள் ஈரோட்டிலிருந்தும் வந்தன. ஆகவே திருப்பூரைக் கோயம்புத்தூரோடு மட்டும் சேர்த்தால் கணக்கு நேராகாது. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவடைந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனபோது அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் போன்ற பகுதிகள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து வந்தன. அந்தக் காலாண்டுகளில் சென்னையின் “வளர்ச்சி”யில் ஒரு பகுதி வெறும் எல்லைக் கோடு நகர்ந்ததுதான்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்றைய எல்லைக்கு ஏற்பப் பழைய தொகையை மக்கள்தொகை விகிதத்தில் பிரிப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வைப்பு மக்கள்தொகையைப் பின்தொடர்வதில்லை. மாவட்டத் தலைநகரிலேயே அது குவிந்து கிடக்கும். தென்காசிக்கும் திருநெல்வேலி நகருக்கும் தலைக்கு ஒரே வைப்பு என்று கொள்வது தரவில் இல்லாத ஒன்றைத் தரவில் ஏற்றுவதாகும். இரண்டாவது வழி, பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்து ஒரே அலகாகப் பார்ப்பது. இதில் நுணுக்கம் குறையும், பொய் வராது. பிரிவு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 2006-க்குப் பிந்தைய தொடருக்கு அமைத்த சேர்க்கைகள்:

- சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு
- வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்
- விழுப்புரம், கள்ளக்குறிச்சி
- கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்
- பெரம்பலூர், அரியலூர்
- நாகப்பட்டினம், மயிலாடுதுறை
- திருநெல்வேலி, தென்காசி

மற்றவை தனியாகவே நின்றன. தொடரை 1990 வரை பின்னுக்குக் கொண்டுபோக விரும்புவோர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கையும் ஒன்றாக்க வேண்டும். கரூரையும் பெரம்பலூர், அரியலூரையும் திருச்சியோடும், நாமக்கல்லைச் சேலத்தோடும், தேனியை மதுரையோடும், கிருஷ்ணகிரியைத் தர்மபுரியோடும், கடலூரை விழுப்புரத்தோடும் சேர்க்க வேண்டும்.

இங்கே வழக்கமாகத் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. மாவட்டம் தொடங்கிய நாளும் தரவில் அது தோன்றும் காலாண்டும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளைகளின் இடக் குறியீடு திருத்தப்பட்ட பிறகுதான் தொகை புதிய பெயருக்கு மாறும். பிரிவு அரசாணைத் தேதியை நம்பாமல், பழைய மாவட்டத்தின் கிளை எண்ணிக்கை சட்டெனக் குறைந்த காலாண்டைத் தேடி அதையே முறிவுப் புள்ளியாகக் குறித்தது. கிளை எண்ணிக்கையும் வைப்பும் ஒரே காலாண்டில் ஒரே திசையில் உடைந்தால் அது எல்லை மாற்றம். கிளை எண்ணிக்கை அசையாமல் வைப்பு மட்டும் விழுந்தால் அங்கே உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது.

கிராமப்புறம், நகர்ப்புறம் என்ற பிரிப்பிலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் மக்கள்தொகை 10,000-க்குக் கீழ் இருந்தால் ஊரகம். 10,000 முதல் 1 லட்சத்துக்குள் அரைநகரம், 1 லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் நகரம், அதற்கு மேல் பெருநகரம். புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஏற்று மறுவகைப்பாடு செய்யும்போது, 10,000-ஐத் தாண்டிய ஊர்களின் கிளைகள் மொத்தமாக அரைநகரத்துக்குப் போய்விடும். “ஊரக வைப்பு சரிந்தது” என்ற தலைப்புச் செய்திகளில் சில இப்படிப் பிறந்தவை. பிரிவு இந்தப் பிரிப்பைக் காலத்தொடரில் பயன்படுத்தவே இல்லை.

டிசம்பர் 2016 காலாண்டு

களப்பணியாளரின் கேள்விக்கு வருவோம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. டெல்டாவில் சம்பா கருகியது. அதே பருவத்தில்தான், 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. டிசம்பர் 30 வரை பழைய நோட்டுகளை வங்கியில் செலுத்த வேண்டியிருந்தது. செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பியது.

வீட்டில் இருந்த ரொக்கம் வங்கிக்குள் போனது. செல்வம் கூடவில்லை, இருந்த இடம் மாறியது. வைப்புத் தரவில் இது வளர்ச்சியாகவே பதிவாகும்.

டெல்டாவில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு இருந்தது. 2016 நவம்பர் 14 அன்று, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பயிர்க்கடனுக்கும் சிறுசேமிப்புக்கும் கூட்டுறவுச் சங்கத்தையே நம்பியிருந்த விவசாயி, கையில் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டு வணிக வங்கி வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. கூட்டுறவு நம் தரவில் இல்லை, வணிக வங்கி இருக்கிறது. எனவே கூட்டுறவு வலுவாக வேரூன்றிய மாவட்டங்களில் இந்த ஏற்றம் மிகைப்படக் காரணம் கூடுதலாகவே இருந்தது. மூன்றாமிடத்தில் வந்த அ மாவட்டத்தின் ஐந்தாண்டு வளர்ச்சியைக் காலாண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மற்ற மாவட்டங்களைவிட அது முந்தியது இந்த ஒரே காலாண்டில்தான் என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் எஞ்சியது நடுத்தர வளர்ச்சி.

அ மாவட்டத்தின் கடன் பக்கமும் அந்த ஓராண்டில் ஏறியிருந்தது. வைப்பும் கடனும் சேர்ந்து ஏறினால் பொருளாதாரம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று படிப்பது வழக்கம். இங்கே கடன் ஏற்றத்தின் பெரும்பகுதி விவசாய நகைக்கடன் என்பதை மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தின் வகைவாரிப் பட்டியல் காட்டியது. பயிர் போன வீட்டில் நகை வங்கிக்குப் போகிறது. ஏட்டில் அது விவசாயக் கடன் விநியோகமாக நிற்கிறது.

பிரிவு எடுத்த முடிவு: டிசம்பர் 2016 முதல் செப்டம்பர் 2017 வரையான நான்கு காலாண்டுகளையும் வளர்ச்சிக் கணக்கிலிருந்து நீக்குவது. அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக வளர்ச்சி கண்டு, பிறகு கால அளவின் எடைக்கேற்பச் சராசரி எடுப்பது. நேர்கோட்டில் இட்டு நிரப்பும் யோசனையும் வந்தது. நிரப்பினால் அந்த நான்கு காலாண்டுக்கும் ஒரு “உண்மை” இருப்பது போலத் தோற்றம் வரும் என்பதால் விட்டுவிட்டார்கள். 2020-இல் பெருந்தொற்றின் முதல் மாதங்களிலும் செலவு முடங்கியதால் வைப்பு உயர்ந்தது. எனவே தொடரின் முடிவுப் புள்ளி டிசம்பர் 2020-இலிருந்து டிசம்பர் 2019-க்குப் பின்னகர்த்தப்பட்டது. இதனால் தரவு ஓராண்டு பழையதாகிவிட்டது. அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

மார்ச் 31, வட்டி, விலைவாசி

ஆண்டு முடிவு எண்ணும் தனியாக நம்பத்தக்கதல்ல. இலக்கை எட்டுவதற்காக மார்ச் கடைசி வாரத்தில் நடப்புக் கணக்குகளில் பணம் நிறுத்தப்படும். அரசுத் திட்ட நிதியும் அதே வாரத்தில் வந்திறங்கி ஏப்ரலில் வெளியேறும். சிறிய மாவட்டத்தில் இரண்டு மூன்று பெரிய கணக்குகளே படத்தை மாற்றிவிடும். ஒற்றைத் தேதிக்குப் பதில் நான்கு காலாண்டுச் சராசரி பயன்படுத்தப்பட்டது.

வட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 7 சதவீத வட்டியில் காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும் 100 ரூபாய், ஓராண்டில் 107.19 ஆகும். ஐந்தாண்டில் 141.48. அதாவது யாரும் புதிதாக ஒரு ரூபாய் சேமிக்காமலேயே ஐந்தாண்டில் 41 சதவீத “வளர்ச்சி” வந்துவிடும். கால வைப்பின் பங்கு அதிகமுள்ள மாவட்டம் இதனால் எப்போதும் முன்னே தெரியும். பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தானாக வரும் வளர்ச்சியைத் தனியே கணக்கிட்டது. கால வைப்பு 60 சதவீதம், சேமிப்பு 30, நடப்பு 10 என்று வைத்துக்கொண்டால், 7.19-இல் 60 சதவீதம் 4.31. சேமிப்புக்கு 3.5 சதவீத வட்டி என்றால் 1.05. மொத்தம் 5.36. மேலோட்ட வளர்ச்சி 9 சதவீதம் என்றால் புதிய பணத்தால் வந்தது சுமார் 3.6 மட்டுமே. ஓய்வூதியர்கள் வட்டியை மாதாமாதம் எடுத்துவிடுவதால் 5.36 என்பது உச்ச வரம்பு. உண்மை அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதையும் விலைவாசித் திருத்தத்தையும் ஒரே எண்ணில் அடுத்தடுத்துக் கழிக்கக் கூடாது. வட்டியைக் கழிப்பது புதிதாக எவ்வளவு பணம் வந்தது என்ற கேள்விக்கு. நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுப்பது, இருக்கும் தொகையின் வாங்கும் சக்தி என்ன என்ற கேள்விக்கு. இரண்டையும் தனித்தனி நிரலில் வைத்தார்கள். தலைக்கு எவ்வளவு என்ற கணக்குக்கு 2011 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட முன்மதிப்பீடு தவிர வேறு வழி இல்லை. அதனால் அந்த நிரலுக்குத் தரவரிசையில் மிகக் குறைந்த எடையே தரப்பட்டது.

கடன்-வைப்பு விகிதத்தை, அதாவது மொத்தக் கடன் மொத்த வைப்பில் எத்தனை சதவீதம் என்பதை, சேர்க்கலாமா என்ற விவாதமும் நடந்தது. விகிதம் 40 சதவீதத்துக்குக் கீழுள்ள மாவட்டங்களைத் தனிக் கவனத்தில் எடுக்கும் ஏற்பாடு 2005 முதல் உள்ளது. ஆனால் தமிழ்நாட்டின் மாநில விகிதமே 100 சதவீதத்தைத் தாண்டியது. இங்கே அந்த அளவுகோல் எதையும் பிரித்துக் காட்டாது. சென்னையில் அனுமதிக்கப்பட்டு வேறெங்கோ பயன்படும் பெருங்கடன்களும் குழப்பும். கடனைப் பார்ப்பதானால் அனுமதித்த இடத்தை விட்டுப் பயன்படுத்திய இடத்தின்படி உள்ள தரவையே எடுக்க வேண்டும் என்று மட்டும் குறித்துவைத்து, விகிதத்தைத் தரவரிசையில் சேர்க்காமல் விட்டார்கள்.

ஆ மாவட்டத்தில் நேரில் கண்டது

இவ்வளவு திருத்தத்துக்குப் பிறகும் ஆ முதலிடத்திலேயே நின்றது. பிரிவில் இருவர் நேரில் போனார்கள். ஆண்டுத் தரவில் ஒரு முரண் கண்ணில் பட்டிருந்தது: கால வைப்புத் தொகை வேகமாக ஏறியிருந்தது, கணக்குகளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறவில்லை, சேமிப்புக் கணக்குகளின் சராசரி இருப்பு அப்படியே இருந்தது.

ஒரு கிளை மேலாளர், வாடிக்கையாளர் பெயர் எதையும் காட்டாமல், கால வைப்புகள் தொடங்கிய தேதிகளை மட்டும் வாரவாரியாக எண்ணித் தந்தார். ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் ஓரிரு வைப்புகள். குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் கொத்துக் கொத்தாக, பல லட்சங்களில், ஓராண்டுக் காலத்துக்கு. அந்த வாரங்களும் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்ததற்கான இழப்பீடு வழங்கப்பட்ட வாரங்களும் பொருந்தின. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில், ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. 2015 முதல் இந்த இழப்பீட்டு முறை தேசிய நெடுஞ்சாலைக்கான நிலத்துக்கும் பொருந்தியது. ஒரே வருவாய் கிராமத்துக்கு ஒரே வாரத்தில் பெருந்தொகை வருவது இதனால்தான்.

அந்த வைப்புகளில் பல முதிர்வுக்கு முன்பே முறிக்கப்பட்டதையும் மேலாளர் சொன்னார். வீடு கட்ட, கல்யாணம் நடத்த, பழைய கடனை அடைக்க. நிலம் போய்விட்டது, அதிலிருந்து வந்த ஆண்டு வருமானமும் போய்விட்டது. வைப்பு குளத்து நீர்மட்டம் மாதிரி: மட்டம் உயர்ந்திருப்பது தெரியும், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா அல்லது ஒரே மழையில் நிறைந்ததா என்பது மட்டத்தைப் பார்த்துத் தெரியாது. ஆ மாவட்டத்தின் வைப்பு, வருமானமாக மாறிய வளர்ச்சி அல்ல. சொத்து ரொக்கமாக மாறியது.

இந்த வருகைக்குப் பிறகு தரவரிசையில் புதிய நிபந்தனை சேர்ந்தது. தொகை வளர்ச்சியோடு கணக்கு எண்ணிக்கை வளர்ச்சியையும் சேமிப்புக் கணக்குச் சராசரி இருப்பையும் பார்க்க வேண்டும். மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையில் போனால்தான் “நிலையான ஏற்றம்”. தொகை மட்டும் தனியே ஓடினால் நேரில் போய்க் காரணம் கேட்காமல் மதிப்பெண் இல்லை.

கிளைகள் குறித்த முடிவு

திருத்திய பட்டியலில் அ நடுவரிசைக்கு இறங்கியது. ஆ மாவட்டத்துக்கு மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது. இ மேலே வந்தது: பதினான்கு ஆண்டுகளாகப் பெரிய தாவலோ சரிவோ இல்லாத தொடர், கணக்கு எண்ணிக்கையும் மெல்ல ஏறியிருந்தது. முதலில் அடியில் கிடந்த திருநெல்வேலி, தென்காசிச் சேர்க்கை சாதாரண வளர்ச்சியோடு நடுப்பகுதிக்கு வந்தது.

நான்கில் இரண்டு கிளைகள் இ மாவட்டத்துக்கும், ஒன்று அடுத்த இடத்தில் வந்த மாவட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டன. நான்காவது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. அ மாவட்டத்தில் கிளை திறக்காமல், அடுத்த மாவட்டக் கிளையிலிருந்தே சில குழுக்களைக் கவனிப்பது என்று ஏற்பாடானது.

பின்னர் நடந்தவை

ஆ மாவட்டத்தில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கால வைப்பு வளர்ச்சி மாநிலச் சராசரிக்குக் கீழே போனது. இழப்பீட்டுப் பணம் செலவானதும் வைப்பு தேங்கியது. அங்கே போகாமல் இருந்தது சரியே.

இ மாவட்டத்தில் நிலைமை எதிர்பார்த்தபடி அமையவில்லை. இரண்டு கிளைகளில் ஒன்று நன்றாக நடந்தது. மற்றொன்றில் முதல் ஆண்டிலிருந்தே தவணை இழுபட்டது. காரணம் தேடியபோது தெரிந்தது இது: அந்த வட்டாரத்தின் வைப்பு பெரும்பாலும் ஓய்வூதியர்களுடையதும் வெளிநாட்டில் வேலை செய்வோரின் குடும்பங்களுடையதும். குழுக்கடன் வாங்கிய பெண்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறுவனங்களில் கடன் வைத்திருந்தார்கள். வைப்பு வைத்தவரும் கடன் வாங்கியவரும் ஒரே ஊரில் வசித்தார்கள், ஒரே பொருளாதாரத்தில் வசிக்கவில்லை. மாவட்டத்தின் மொத்த வைப்பு சீராக ஏறியது உண்மைதான். யாருக்கு ஏறியது என்பதை அந்த எண் சொல்லவில்லை.

அ மாவட்டத்தில் பக்கத்துக் கிளை வழியாகக் கொடுத்த குழுக்களின் திருப்பிச் செலுத்துதல், வைப்புத் தரவரிசையோடு எந்தத் தொடர்பும் இன்றி, மேட்டூர் அணை திறக்கும் தேதியையும் நெல் கொள்முதல் பணம் கைக்கு வரும் மாதங்களையும் பின்பற்றியது. 2021-க்குப் பிறகு வந்த நல்ல நீர் ஆண்டுகளில் அங்கே பாக்கி விழவே இல்லை.

மாற்றப்பட்டவையும் மாற்ற வேண்டியவையும்

நிறுவனத்தில் இப்போது வைப்புத் தரவு மாவட்டங்களைச் சலிக்கும் முதல் கட்டத்துக்கு மட்டும் பயன்படுகிறது. தேர்வான மாவட்டத்துக்குள் எந்த வட்டாரம் என்பதைக் கடன் தகவல் நிறுவனங்களின் அஞ்சல் குறியீட்டுவாரி நிலுவை விவரமும், ஒரு குடும்பத்துக்கு எத்தனை கடன் என்ற எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. நீர்ப்பாசன மாவட்டங்களுக்கு மழை, அணை நீர் விவரம் தனி நிரல்.

வேலையின் வரிசையும் மாறியது. முன்பு வளர்ச்சி விகிதம் கணக்கிட்டபின் முரண்களைத் தேடினார்கள். இப்போது எல்லை மாற்றப் பட்டியல் முதலில் தயாராகிறது. அடுத்து நிகழ்வு நாட்காட்டி: பணமதிப்பிழப்பு, பெருந்தொற்று, வறட்சி, புயல் நிவாரணம், நில இழப்பீடு, வங்கி இணைப்புகள். இவை இரண்டும் முடிந்த பிறகே எக்செல்லில் முதல் சூத்திரம். 2023 ஜூலை 1 அன்று எச்டிஎஃப்சி என்ற வீட்டுக் கடன் நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது அதுவரை வங்கிக் கணக்கில் வராத வீட்டுக் கடன்கள் ஒரே காலாண்டில் வங்கிக் கடனாகின, அதன் வைப்புகளும் உள்ளே வந்தன. நாட்காட்டி தயாராக இருந்ததால் அந்தக் காலாண்டுத் தாவலை யாரும் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அண்டை மாவட்டங்களின் சராசரியிலிருந்து ஒரு காலாண்டு மாற்றம் 10 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால் அந்தக் கட்டம் நிறம் மாறும்படி அமைத்திருக்கிறார்கள். காரணம் எழுதப்படாதவரை அந்த மாவட்டம் தரவரிசையில் சேராது. இந்த வரம்பு சிறிய மாவட்டங்களுக்கு இறுக்கமாக இருக்கிறது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஒற்றைக் கணக்கே அங்கே நிறத்தை மாற்றிவிடுகிறது. மொத்த வைப்பின் அளவைப் பொறுத்து வரம்பை மாற்ற வேண்டும்.

செய்யாமல் விடப்பட்ட முக்கியமான வேலை கூட்டுறவுத் தரவு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளின் ஆண்டறிக்கைகளிலிருந்து வைப்பு எண்களைக் கையால் எடுத்து வணிக வங்கித் தொடரோடு சேர்த்தால், டெல்டா மாவட்டங்களில் 2016-இல் எவ்வளவு பணம் இடம் மாறியது, எவ்வளவு வீட்டிலிருந்து வெளிவந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். அதற்கு ஒருவரின் இரண்டு மாத உழைப்பு தேவை. அடுத்த விரிவாக்கத்துக்கு முன் அதை முடித்துவிட வேண்டும் என்பதே பிரிவின் முதல் கோரிக்கையாக நிர்வாகத்திடம் நிலுவையில் இருக்கிறது.